ராகு காலத்தில் மூடிய எஞ்சின்

அத்தியாயம் 5

"மூணு எஞ்சினைச் சாவடிச்சது யாருன்னு நாலு மணிக்குள்ள தெரிஞ்சாவணும் மேடம். இல்லாங்காட்டி இந்தப் பேப்பரு நேரா ஸ்டேஷனுக்குத்தான்."

பட்டறை முதலாளி பலராமன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். பையில் நான்காக மடித்த புகார் மனு. மனுவில் இருந்த பெயர் முத்துச்செல்வி.

பேச்சிராஜ் செல்போனில் மணி பார்த்தான். ஒன்று நாற்பது. துப்பறியும் அம்சவல்லியிடம் உதவியாளனாகச் சேர்ந்த இந்த எட்டு மாதத்தில் அவன் காணாமல் போன நாய் ஒன்றையும் காணாமல் போன மாப்பிள்ளை ஒருவரையும் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். நாய் தேவலை, கூப்பிட்டதும் வந்தது. ஆனால் செத்துப்போன எஞ்சினுக்குத் துப்புத் துலக்குவது இதுதான் முதல் தடவை. பிணத்தைக் கண்டால் அவனுக்கு ஆகாது என்பதால் இந்தக் கேஸை மனசார வரவேற்றான்.

வடக்குப்பட்டில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது அந்தப் பட்டறை. ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஷிஃப்ட் பஸ்களின் எஞ்சின்கள் இங்கேதான் பிரிபட்டு, புதுசாகி, மறுபடி பூட்டப்படும். பத்து வருஷத்துக்கு முன்பு வரை பலராமன் ஜன்னல் கிரில்லும் இரும்புக் கேட்டும் செய்துகொண்டிருந்தவர். சுற்றிலும் கம்பெனிகள் வந்த பிறகு எஞ்சினுக்கு மாறினார். கேட்டையும் முழுசாக விட மனசில்லாமல் கொட்டகையின் ஒரு மூலையில் இன்னும் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் அம்சவல்லி.

அம்சவல்லிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. காட்டன் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. மறைமலை நகரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருபது வருஷம் தரம் பார்க்கும் வேலை செய்தவள். அதை விட்டுவிட்டுப் படப்பையில் ஜெராக்ஸ் கடை மாடியில் டிடெக்டிவ் ஏஜென்சி திறந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "மனுஷனும் ஒரு பார்ட்தான், எங்கியாவது ஒரு பிசிறு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

பலராமன் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தார். "பஸ் கான்ட்ராக்டரு ஹேமந்த் சாருக்கு ரெண்டு மாசத்துல ஆறு எஞ்சின் முடிச்சிக் குடுத்தேன். மூணு சோக்கா ஓடிகினு கீது. மூணு ஒரு வாரத்துல ஜாம். அவரு மெக்கானிக்கு அவுத்துப் பாத்தா, ஆயில் பம்புக்குள்ள கீற ஸ்பிரிங்கு தொளதொளன்னு ஆயிப்போச்சு. ஒரிஜினல எடுத்துகினு எவனோ டூப்ளிகேட்ட சொருவிட்டான்னு சொல்றாரு. நம்ம கடையில பம்பு மாட்டுறது ஒரே ஆளு. அந்தப் பொண்ணு முத்துச்செல்வி. இன்னிக்கு நாலு மணிக்கு ஏழாவது எஞ்சின எடுக்க அவரு வராரு. ஆள் யாருன்னு கேப்பாரு. நான் இன்னா சொல்லட்டும்?"

"அந்த ஸ்பிரிங்கு என்ன வேலை செய்யும்?"

"பம்புக்குள்ள ஒரு வால்வு. பிரஷர் ஓவரா ஏறினா மட்டும் தெறந்து ஆயில திருப்பி வுடும். மத்த நேரம் அத்த அமுக்கிப் புடிச்சிகினு இருக்கறது இந்த ஸ்பிரிங்கு."

"எங்க ஹாஸ்டல் வாட்ச்மேன் மாதிரி," என்றான் பேச்சிராஜ். "அவரு தளந்துட்டா எல்லாப் பயலும் வெளிய போயிருவான். உள்ள ஒருத்தனும் இருக்க மாட்டான்."

"அதேதான் தம்பி. ஆயிலு மேல போவாம வழியிலேயே திரும்பிடும். எஞ்சின் காஞ்சிபோயி புடிச்சிக்கும்."

கெட்டுப்போன பம்புகளை ஹேமந்த் தன் ஷெட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மூன்று ஸ்பிரிங்குகளை மட்டும் ஒரு கவரில் போட்டு அனுப்பியிருந்தார். அம்சவல்லி ஸ்டோரிலிருந்து புது ஸ்பிரிங் ஒன்றை வாங்கி, கவரில் இருந்த மூன்றையும் அதன் பக்கத்தில் மேஜைமேல் வரிசையாக நிறுத்தினாள். மூன்றும் புதுசைவிட ஒரு நூல் குள்ளம். கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பேச்சி, என்ன தெரியுது?"

"நாலு ஸ்பிரிங்கு தெரியுது அக்கா."

"கலரப் பாரு."

பேச்சிராஜ் குனிந்தான். புதுசு சாம்பல் நிறம். மற்ற மூன்றிலும் ஒரு பக்கம் மட்டும் மயில் கழுத்து நீலம் ஓடியிருந்தது. எங்கேயோ பார்த்த நீலம். சட்டென்று வெளியே ஓடிப்போய்த் தன் பைக்கின் முன்னால் உட்கார்ந்தான். எஞ்சினிலிருந்து சைலன்சர் புறப்படும் வளைவில் அதே நீலம் இருந்தது. அது ஏன் அப்படி என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை, ஸ்டைலுக்கு என்று நினைத்திருந்தான்.

"அக்கா, இது சூடு ஏறின நீலம்!" என்று கத்திக்கொண்டே திரும்பி வந்தான்.

"அப்படிச் சொல்லு. கம்பி கனம் அதே கனம். சுத்து அதே ஒன்பது சுத்து. முனையைத் தேச்சிருக்கிற விதமும் அதேதான். யாரும் மாத்தல. இது மூணும் ஒரிஜினலேதான். யாரோ நல்லா வாட்டிட்டாங்க."

"இன்னா மேடம் சொல்றீங்க?" பலராமன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அப்ப அந்தப் பொண்ணு வேணும்னே கொளுத்திச்சா?"

அம்சவல்லி கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தப் பொண்ணைப் பாக்கலாம், வா," என்று பேச்சிராஜை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

முத்துச்செல்வியைப் பட்டறையில் காணோம். ரோட்டுக்கு எதிர்ப்புறம் அன்னக்கிளியின் கூல்ட்ரிங்க்ஸ் கடையில், ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள். இருபத்து நாலு வயது இருக்கும். நீல ஓவர்கோட், பின்னலை மடித்துக் கொண்டையாக்கியிருந்தாள். குச்சி ஐஸ்களுக்கு அடியிலிருந்து அவள் வெளியே எடுத்தது ஐஸ் இல்லை. பாலிதீன் பையில் சுற்றிய, கொக்கி மாதிரி வளைந்த ஓர் இரும்புக் குழாய்.

"இந்த ஃபேமிலி பேக் எவ்வளவு?" என்றான் பேச்சிராஜ்.

"தினம் வெக்கிது, எடுக்குது. நான் இன்னாத்துக்குன்னு கேக்கறதே இல்ல," என்றாள் அன்னக்கிளி.

முத்துச்செல்வி சிரிக்கவில்லை. காலையிலிருந்து பட்டறையில் அவளிடம் யாரும் பேசவில்லை. "நீங்கதான டிடெக்டிவ்? நான் ஸ்பிரிங்க எடுக்கல. எடுத்து என்ன செய்யப் போறேன், கழுத்துலயா போட்டுக்கிடப் போறேன்?" என்றாள்.

தென்காசிப் பக்கத்துப் பேச்சு. பேச்சிராஜுக்குக் கோவில்பட்டி. ஊர்க்காரியைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தில் எந்த ஊர், எந்தத் தெரு என்று தொடங்கப் போனவனை அம்சவல்லி கண்ணால் அடக்கினாள்.

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்மா. அந்தக் குழாயை எப்படி மாட்டுறேன்னு மட்டும் காட்டு."

தெரியும் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு முத்துச்செல்வி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று ரோட்டைத் தாண்டினாள். "வாங்க. குளிர்ச்சி போறதுக்குள்ள மாட்டணும்."

ஏழாவது எஞ்சின் ஸ்டாண்டில் தலைகீழாகக் கிடந்தது. அடித்தொட்டி மூடாமல் வயிறு திறந்திருந்தது. ஆயில் பம்ப் ஏற்கெனவே அதில் பூட்டியிருந்தது. தொட்டியில் தேங்கும் ஆயிலை உறிஞ்சிப் பம்புக்குக் கொடுக்க வேண்டியது இந்த வளைந்த குழாய்தான். பம்பின் துவாரத்தில் இதை இறுக்கமாக இறக்க வேண்டும். இது கழன்றால் ஆயில் இல்லை, ஆயில் இல்லாவிட்டால் எஞ்சின் இல்லை.

முத்துச்செல்வி ஜில்லென்ற குழாயைத் துவாரத்தின் வாயில் வைத்தாள். கழுத்தில் பிளந்த வளையம் ஒன்றைக் கோத்து, அதன்மேல் மரச் சுத்தியால் நாலு தட்டு. குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கி உட்கார்ந்தது.

"குளிர்ல குழாய் ஒரு பொடி சுருங்கும். அப்பதான் உள்ள எறங்கும். நான் நெருப்பு பக்கமே போக மாட்டேன் அக்கா. நிறையப் பட்டறையில பித்தளை வச்சு ஒட்டுதாங்க. ஒட்டலாம், தப்பு இல்ல. ஆனா மொதல்ல பம்ப அவுத்து, ஸ்பிரிங்கையும் பல் சக்கரத்தையும் வெளிய எடுத்துட்டு, வெறும் கூட்டுலதான் ஒட்டணும். அப்படியே வச்சு ஒட்டினா ஸ்பிரிங்கு வெந்துரும். ஐடிஐல எங்க சார் மொத வாரமே சொல்லிக்குடுத்தாரு."

"நீ குழாய் மாட்டின பிறகு இங்க என்ன நடக்கும்?"

"எனக்குத் தெரியாது அக்கா. கார்டுல கையெழுத்துப் போட்டுட்டு நான் பின்னாடி ரூமுக்குப் போயி அடுத்த பம்ப எடுத்துருவேன். தொட்டிய மூடுறது கலைமணி அண்ணன்."

கலைமணி கூப்பிட்ட இடத்துக்கு வந்து நின்றார். கேட் காலத்திலிருந்தே பலராமனிடம் இருப்பவர்.

"முத்து முடிச்சதும் நான் மூடுவேன் மேடம். நடுவுல ஒரு ஈ காக்கா கிட்ட வராது," என்றார்.

"வெல்டிங், கேஸ், நெருப்பு?"

பலராமனே முந்திக்கொண்டு சுவரைக் காட்டினார். 'எஞ்சின் அருகில் யாரும் வெல்டிங் வைக்கக் கூடாது - உத்தரவு' என்று சிவப்பு எழுத்தில் பெரிய போர்டு. "நானே எய்தி மாட்டினது மேடம். நம்ம ஆளுங்க அத்த மீற மாட்டாங்க."

மணி இரண்டரை. நெருப்பு வைத்தவர் ஒருவரும் இல்லை, வெந்துபோன ஸ்பிரிங் மட்டும் மூன்று. கொட்டகையில் இத்தனை பேர் இருந்தும் முத்துச்செல்வி நின்ற இடத்தைச் சுற்றி மட்டும் காலியாக இருந்தது. நாலு மணிக்கு அந்தப் பேப்பர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டால், ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு பட்டறையும் இவள் கையில் ஸ்பேனரைக் கொடுக்காது என்பது பேச்சிராஜுக்கு நன்றாகவே தெரியும். முதலாளிகளின் வாட்ஸப் குரூப் போலீஸைவிட வேகம்.

அம்சவல்லி ஆறு எஞ்சின்களின் வேலை கார்டுகளையும் வாங்கிக்கொண்டு வந்து பழைய பஸ் சீட் ஒன்றில் உட்கார்ந்தாள். இரண்டு வரிசையாகப் பிரித்து வைத்தாள். "இது செத்தது. இது ஓடுறது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பாரு."

மாட்டிய ஆள் ஒருத்தி. மூடிய ஆள் ஒருத்தர். பம்ப் ஒரே கம்பெனி. பேச்சிராஜ் கடைசிக் கட்டத்தைச் சத்தமாகப் படித்தான். "ஓடுற எஞ்சின். தொட்டி மூடின நேரம், செவ்வாய் மூணே முக்கால். அடுத்தது புதன் பன்னெண்டு நாப்பது. அடுத்தது வெள்ளி பதினொண்ணு." கார்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "எங்க அம்மா இதப் பாத்தா இந்தப் பட்டறையைப் பூட்டிருவா."

"ஏன்?"

"மூணும் சுத்தமான ராகு காலம் அக்கா! எனக்கு மனப்பாடம். ராகு காலத்துல பஸ் ஏறுனேன்னு தெரிஞ்சா எங்க அம்மா போன்லயே எறக்கி விட்டுருவா."

"செத்ததுங்க?"

"திங்கள் ரெண்டு மணி. வியாழன் பத்து. சனி நாலு. ஒண்ணுல கூட ராகு காலம் இல்ல." தன் வாயில் வந்ததைத் தானே நம்ப முடியாமல் அவன் அம்சவல்லியைப் பார்த்தான். "நல்ல நேரத்துல மூடினது பூரா செத்துப் போச்சு, ராகு காலத்துல மூடினது பூரா ஓடுது. என்னக்கா இது, பஞ்சாங்கத்தைத் தலைகீழா மாட்டிட்டாங்களா?"

பேச்சிராஜ் இதை ஜோக்காகத்தான் சொன்னான். அம்சவல்லி சிரிக்கவில்லை. கார்டுகளை மடியில் அடுக்கியபடி மெதுவாகக் கேட்டாள். "ராகு காலத்துல ஒருத்தர் ஒரு காரியத்தைச் செய்யாம இருந்தாருன்னா, அது திருட்டு வேலையா இருக்குமா பேச்சி?"

"திருடன் எங்க அக்கா ராகு காலம் பாப்பான்? நல்ல காரியம் செய்யிறவன்தான் பாப்பான்."

"அதான். இன்னிக்குத் திங்கக்கிழமை. ராகு காலம் காலையிலேயே போயிடுச்சு."

அம்சவல்லி எழுந்தாள். முத்துச்செல்வியைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் ஏதோ காதோடு பேசினாள். முத்துச்செல்வி ஸ்டாண்டுக்குப் போய்ப் பம்பின் பக்கவாட்டு மூடியைத் திருகி, உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்து அம்சவல்லியிடம் காட்டினாள். சாம்பல் நிறம், முழு உயரம், இருவரும் பார்த்தார்கள். திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினாள். வழக்கம்போலக் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனாள். பழைய பஸ் சீட் குவியலுக்கு நடுவே தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து எஞ்சினைக் கண்காணிக்கும் பொறுப்பு பேச்சிராஜுக்கு வந்தது. உள்ளே நாற்பது டிகிரி இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தானும் நீலமாகிவிடுவோம் என்று அவனுக்குத் தோன்றியது.

அம்சவல்லி பலராமனோடு டீ குடிக்க உட்கார்ந்தாள். எஞ்சின் ஸ்டாண்டிலிருந்து பத்தடிதான்.

பேச்சிராஜ் கலைமணியின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கலைமணி தொட்டியைத் துடைத்தார். தொட்டி விளிம்பில் வைக்கும் பேக்கிங்கை எடுத்து வைத்தார். போல்ட்டுகளை எண்ணினார். ஆனால் மூடாமல் சும்மா நின்றார். யாருக்கோ காத்திருக்கிற மாதிரி நின்றார். சந்தேகமே இல்லை, இவர்தான் என்று முடிவு கட்டி, பேச்சிராஜ் செல்போனில் வீடியோவை ஓட விட்டான்.

"பட்டப் பகல்ல மேடம்!" பலராமன் டீ கிளாஸோடு குமுறிக்கொண்டிருந்தார். "நான் இங்கியே குந்திகினு கீறேன். என் கண்ணு முன்னாலேயே எவனோ ஒருத்தன் வந்து என் எஞ்சின்ல கைய வெச்சிட்டுப் போறான். இன்னா நெஞ்சழுத்தம் பாருங்க..." வாட்ச்சைப் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்தார். "ஒரு நிமிஷம் மேடம், தோ வந்துட்டேன்."

செருப்பைக் கழற்றினார். கேட் வேலை நடக்கும் மூலையிலிருந்து கேஸ் வெல்டிங் வண்டியை உருட்டிக்கொண்டு எஞ்சினிடம் வந்தார். கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். டார்ச்சைப் பற்றவைத்தார். முத்துச்செல்வி இறக்கியிருந்த குழாயின் கழுத்தில், 'வெல்டிங் வைக்கக் கூடாது' என்ற போர்டுக்கு நேர் கீழே நின்று, பம்பின் கூடு செக்கச் செவேலென்று பழுக்கும் வரை நெருப்பைக் காட்டினார். பித்தளைக் கம்பியை நீட்டினார். ஒரே ஒரு சொட்டு. உருகி உட்கார்ந்து பொட்டாக மின்னியது. கலைமணி கன்னத்தில் போட்டுக்கொண்டு தொட்டியைத் தூக்கினார்.

பலராமன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து அமர்ந்து டீயை எடுத்தார்.

"ஆங், இன்னா சொல்லிகினு இருந்தேன்? எவனோ ஒருத்தன் கைய வெக்கிறான் மேடம்!"

தார்ப்பாய்க்குள் பேச்சிராஜ் சிரிப்பை அடக்கத் தன் கையையே கடித்துக்கொண்டான். முடியவில்லை. சீட் குவியல் சரிய, தார்ப்பாயோடு உருண்டு வெளியே வந்து விழுந்தான்.

"கலைமணி, தொட்டியைக் கீழ வைங்க," என்றாள் அம்சவல்லி. "பலராமன் சார், இப்ப நீங்க செஞ்சது என்ன?"

"இதுவா? பொட்டு மேடம்." அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "கேட்டு செய்ற காலத்துலேர்ந்து நம்ம கடை வயக்கம். வேலை முடிஞ்சா மொதலாளி கையால கடைசியா ஒரு பொட்டு வெக்கணும். நான் வெச்ச பொட்டு எங்கியும் வுட்டதே கெடையாது."

"ராகு காலத்துல?"

"ச்சே, அப்ப எப்டி வெப்பேன்? வண்டிக்காரன் அவசரப்பட்டா பொட்டு இல்லாமலே அனுப்பிடுவேன். மனசு அடிச்சிகினே இருக்கும்."

"கலைமணி அண்ணே," என்று பேச்சிராஜ் தூசியைத் தட்டிக்கொண்டே எழுந்தான். "ஈ காக்கா வராதுன்னீங்களே?"

"அது பூஜை தம்பி," என்றார் கலைமணி. "அத்தப் போயி யாராவது சொல்வாங்களா?"

கூடு ஆறும் வரை அம்சவல்லி மீதி டீயைக் குடித்தாள். பிறகு முத்துச்செல்வியைக் கூப்பிட்டாள். அவள் பின்னறையிலிருந்து வந்து, பித்தளைப் பொட்டைப் பார்த்து, பலராமனைப் பார்த்து, பம்பின் பக்கவாட்டு மூடியைத் திருகினாள். ஸ்பிரிங்கைக் குறட்டால் வெளியே இழுத்து மேஜைமேல் நிறுத்தினாள். அரை மணி நேரத்துக்கு முன்பு சாம்பல் நிறத்தில் முழு உயரமாக இருந்தது, இப்போது ஒரு பக்கம் மயில் கழுத்து நீலமாக, ஒரு நூல் குள்ளமாக நின்றது. கவரில் வந்த மூன்றோடு சேர்த்து நாலு.

பலராமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பையிலிருந்த புகார் மனுவை எடுத்துக் கசக்கினார். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு பொட்டுதானம்மா..." என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"பொட்டு சின்னதுதான் மொதலாளி. அதுக்குப் பம்பப் பழுக்க வைக்கணும்ல?" என்றாள் முத்துச்செல்வி. "எல்லாத்தையும் விட்டுட்டு ஏன் சரியா அந்தக் குழாயில வச்சீங்க?"

பலராமன் தலை குனிந்தார். அம்சவல்லி காத்திருந்தாள். அவள் முழுசாகத் தெரிந்துகொள்ள நினைத்தது இதைத்தான் என்று பேச்சிராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மொதல்ல எஞ்சின் தலையிலதான் வெச்சிகினு இருந்தேன். நீ வந்து, ஐஸ் பொட்டியில வெச்சி மாட்டறேன்னு சொன்னியா... ஐஸ்ல வெச்ச பைப்பு, ஐஸ் உருகினா கயண்டுக்காதான்னு ஒரு பயம். உன்கிட்ட கேட்டா மொதலாளிக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனப்பியோன்னு கேக்கல. பொட்ட அங்க வெச்சிட்டேன்."

முத்துச்செல்விக்குக் கண் கலங்கியது. கோபமும் இருந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது.

"குளிர்ல சுருங்கினது சூடானா பெருசாகும் மொதலாளி. பெருசானாத்தான் துவாரத்தைக் கவ்விப் பிடிக்கும். எஞ்சின் ஓட ஓட இறுகும், கழலாது. இந்த ரெண்டு மாசத்துல என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும்." பின்னறையிலிருந்து அவள் மாட்டி வைத்திருந்த இன்னொரு பம்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். பொட்டில்லாத குழாய். "இழுங்க."

இருபது வருஷம் கேட் தூக்கிய கை. பலராமன் பம்பை முட்டிக்கு நடுவே வைத்துக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கலைமணியும் வந்து கூட இழுத்தார். பேச்சிராஜ் பலராமனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் சேர்ந்து பின்னால் சாய்ந்து பஸ் சீட் குவியலில் விழுந்தார்கள். குழாய் இம்மியும் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் கார் வந்து நின்றது. ஹேமந்த் இறங்கினார். வெள்ளைச் சட்டை, காதில் புளூடூத், முகத்தில் மூன்று பஸ் படுத்த எரிச்சல். சீட்டுகளுக்கு நடுவே கிடந்த மூன்று பேரையும் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"என்ன பலராமன், ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?"

பலராமன் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தொழிலாளிகள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அது வந்து சார்... இந்த ஸ்பிரிங்கு கம்பெனிக்காரன்..." என்று ஆரம்பித்தார்.

கம்பெனிக்காரன்மேல் பழியைப் போட்டால் விஷயம் முடிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வெளியே முத்துச்செல்வி கடைசிவரை 'ஒருவேளை இவள் திருடியிருப்பாளோ' என்ற பேச்சோடுதான் இருப்பாள். பேச்சிராஜ் அம்சவல்லியைப் பார்த்தான். அம்சவல்லி பலராமனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலராமன் பாதியில் நிறுத்திவிட்டார். முத்துச்செல்வி பக்கம் திரும்பினார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கேட் வேலைக் காலத்துக் குரலில் சொன்னார்.

"கம்பெனிக்காரன் இல்ல சார். நான்தான். இந்தப் பொண்ணு மாட்டினத நம்பாம, அதுக்கு மேல நெருப்பு வெச்சேன். மூணு எஞ்சினும் என் கையால போனது. இவ மேல தப்பே இல்ல. இத்த நீங்க எங்க வேணா சொல்லிக்கலாம்."

ஹேமந்த் காதிலிருந்த புளூடூத்தைக் கழற்றினார். திட்டத் தயாராக வந்தவருக்கு, இப்படி நேராக ஒப்புக்கொள்கிற ஆளை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. போர்டைப் பார்த்தார். அதற்குக் கீழே நின்ற கேஸ் வண்டியைப் பார்த்தார். கடைசியாக, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, முத்துச்செல்வியிடமே நேராகக் கேட்டார்.

"ஏழாவது எஞ்சின் எப்பம்மா ரெடியாகும்?"

முத்துச்செல்வி ஸ்டாண்டில் கிடந்த எஞ்சினைப் பார்த்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் கிரீஸ் ஒரு கோடு இழுத்தது.

"புது பம்பு போடணும் சார். ஒரு மணி நேரம் ஆகும்," என்றாள். பிறகு பலராமனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "யாரும் கிட்ட வராம இருந்தா அரை மணி நேரம்."

பட்டறையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பலராமன்தான். சிரித்துக்கொண்டே நாலடி பின்னால் நகர்ந்து நின்றார்.